பாலையும் கோதுமையையும் நிறுத்துவதற்கு முன்னால்

என் மகனுக்கு நான்கரை வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே கவனம் நிற்பதில்லை, ஓட்டம் அதிகம் என்றும் ஒரு வரி. ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவதற்குள் நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, பாலை நிறுத்திடுங்க. கோதுமை, சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்திடுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையன் மூணே மாசத்துல பேசிட்டான்."

அடுத்த திங்கட்கிழமையே மூன்றையும் நிறுத்தினேன். அதே வாரம் ஸ்பீச் தெரபி ஆரம்பித்தது, பள்ளியும் திறந்தது. ஐந்து வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினான். கொஞ்சம் அமைதியாகவும் ஆனான். அந்த அமைதி சாப்பாட்டால் வந்ததா, தெரபியால் வந்ததா, வெறும் பசி மயக்கமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் அப்படித்தான் ஆகும்.

இரண்டாம் தடவை நிதானமாகச் செய்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சாப்பாட்டை மாற்றினால் ஆட்டிசம் குணமாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் வயிற்றுக் கோளாறும் சத்துக் குறைவும் சரியானால் பிள்ளையின் தூக்கமும் எரிச்சலும் மாறும். நாம் எதிர்பார்க்கக்கூடியது அந்த அளவுதான்.

1. ஏழு நாள் நோட்டு

எதையும் நிறுத்தாமல், ஒரு வாரம் பிள்ளை சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். என்ன, எவ்வளவு, எந்தக் கம்பெனி, சூடா ஆறியதா. பால் எத்தனை மில்லி. மலம் போனானா, எப்படிப் போனான். எத்தனை மணிக்குத் தூங்கினான், இடையில் எத்தனை முறை எழுந்தான். வாரத் தொடக்கத்தில் எடை. எப்போதும் அதே எடை மெஷினில், காலையில், உடுப்பில்லாமல்.

என் மகன் பட்டியலில் மொத்தமே பதினொரு பொருள் இருந்தன. சட்னி சாம்பார் படாத இட்லி. தாளிக்காத தயிர்சாதம், அதுவும் எவர்சில்வர் கிண்ணத்தில் மட்டும். ஒரே கம்பெனியின் பால் பிஸ்கட், முனை உடைந்திருந்தால் தொடமாட்டான். பால், ரொட்டி, சப்பாத்தி, அப்பளம், வாழைப்பழம், பருப்பு சாதம், வறுத்த உருளைக்கிழங்கு, ரஸ்னா. இந்தப் பதினொன்றில் ஐந்தில் பாலோ கோதுமையோ இருக்கிறது. அதாவது நான் முதல் தடவை செய்தது, பாதிச் சாப்பாட்டைப் பிடுங்கியது. எழுதிப் பார்க்கும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

2. குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை, ஒரே ஊசியில் எல்லா இரத்தப் பரிசோதனையும்

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: அந்த நோட்டு, ஆட்டிசம் மதிப்பீட்டு ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை (பழைய எடை, உயரம் அதில் இருக்கும்), இப்போது கொடுக்கும் எல்லா சிரப், டானிக் பாட்டில்களின் போட்டோ.

முதலில் மலச்சிக்கலைக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது சாதாரணம். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கடிப்பான், சுவரில் முட்டுவான், ராத்திரி எழுந்து அழுவான். அதை நாம் "பிஹேவியர்" என்று எழுதி வைத்துக்கொள்வோம்.

எங்கள் மருத்துவர் எழுதியவை: முழு இரத்த எண்ணிக்கை, உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12, தைராய்டு, பிறகு கோதுமையால் குடல் பாதிக்கப்படும் நோயான சீலியாக்குக்கு டி.டி.ஜி. என்ற பரிசோதனை. மண், சுண்ணாம்பு, பெயிண்ட் தின்னும் பிள்ளையாக இருந்தால் ஈயத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தனியார் லேபில் எனக்கு மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. வைட்டமின் பரிசோதனைகள்தான் அதில் பாதியைத் தின்றன. செலவு முடியாது என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மையம் அது, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனமும் உண்டு. காலை சீக்கிரம் போய்விடுங்கள், வரிசை நீளம்.

இங்கே மூன்று பொறிகள்.

சீலியாக் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். நான் அப்படித்தான் நிறுத்திவிட்டுப் போனேன். மறுபடி பல வாரம் சப்பாத்தி கொடுத்து, மறுபடி ஊசி.

காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள். உடம்பில் தொற்று இருந்தால் அது ஏறிக் காட்டும், குறைவு மறைந்துபோகும்.

ஊசி. மரத்துப்போகச் செய்யும் கிரீம் மருந்துக் கடையில் கிடைக்கும். மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு மணி நேரம் முன்னால் முழங்கை மடிப்பில் தடவி மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவரை வரவழைத்தால் லேபின் குளிர், வெளிச்சம், கூட்டம் எல்லாம் மிச்சம்.

எங்கள் முடிவு வந்தபோது ஃபெரிட்டின் 8 என்று இருந்தது, ரொம்பக் குறைவு. மருத்துவர் நோட்டைப் புரட்டி, ஒரு நாளைக்கு 900 மில்லி பால் என்று நான் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "பால்லயே வயிறு ரொம்பிடுது. பால்ல இரும்பு கிடையாதும்மா. வேற சாப்பாடு எப்படி உள்ள போகும்?" பாலை 400 மில்லிக்குக் குறைத்தார், நிறுத்தவில்லை. இரும்புச் சத்து சிரப் மூன்று மாதம். அது கொடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பால் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிச் சாறோ நல்லது. பல் கறுக்கும், மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். ஆனால் பாட்டிலை மட்டும் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், அளவு மீறிய இரும்பு சின்னப் பிள்ளைகளுக்கு உயிராபத்து. மூன்று மாதம் முடிந்து மறு பரிசோதனை எடுத்தபோது, ராத்திரி கால் உதைப்பதும் புரள்வதும் வெகுவாகக் குறைந்திருந்தது. எங்கள் வீட்டில் எந்த உணவு நிறுத்தமும் கொடுக்காத பலன் இது.

வைட்டமின் டி குறைவு என்று வந்தால் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாகக் கடையில் வாங்கி வாராவாரம் கொடுக்காதீர்கள். அது உடம்பில் தேங்கும் வைட்டமின். எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

காய், பழம் எதையுமே தொடாத பிள்ளை திடீரென்று நடக்க மறுத்தாலோ, ஈறில் இரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் சி அறவே இல்லாமல் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஸ்கர்வி வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பல வந்திருக்கின்றன. இந்தக் காலத்தில் ஸ்கர்வியாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

3. பணத்தைப் பிடுங்கும் சோதனைகள்

"நூற்றைம்பது உணவுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை" என்று ஒரு மையத்தில் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். அது ஐ.ஜி.ஜி. சோதனை, இரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பது. நாம் எதை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதற்கு ஐ.ஜி.ஜி. இருக்கத்தான் செய்யும். ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை வைத்து உணவை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கின்றன. தலைமுடியில் உலோகம் பார்ப்பதும் இதே ரகம். அந்த முடி ரிப்போர்ட்டைக் காட்டி உலோகத்தை இறக்குகிறோம் என்று கீலேஷன் மருந்து ஏற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசப் பையன் ஒருவன் அந்த மருந்து ஏற்றும்போதே இறந்துபோனான். குளோரின் டையாக்சைடு சொட்டு என்று விற்பது, பெயரை எப்படி மாற்றினாலும், பிளீச்சிங் திரவம்தான்.

ஆட்டிசத்துக்கு நல்லது என்று விற்கும் ஒட்டகப் பால் தூளுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன் மோந்து பார்த்துவிட்டுத் தட்டிவிட்டான்.

4. எதை மாற்றிப் பார்ப்பது

கோதுமை, பால் நிறுத்தம்: எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், ஆதாரம் மெலிந்திருப்பதும் இதற்குத்தான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 பிள்ளைகளைக் கோதுமையும் பாலும் இல்லாத உணவில் வைத்து, யாருக்கும் சொல்லாமல் அவ்வப்போது அவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்த ஆய்வு. பால் குடித்தாலே பேதி, வயிற்று உப்புசம், தோல் அரிப்பு என்று இருந்தால் கதை வேறு. அதற்கு மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

சர்க்கரை: பல்லுக்கும் எடைக்கும் கெடுதல், குறையுங்கள். ஆனால் சர்க்கரையால்தான் ஓடுகிறான் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 1994இல் ஒரு ஆய்வில், "என் பையனுக்குச் சர்க்கரை ஆகாது" என்று சொன்ன 35 அம்மாக்களின் பிள்ளைகளுக்குச் சர்க்கரையே இல்லாத இனிப்பு பானத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும் சர்க்கரை கொடுத்தோம் என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை ரொம்ப ஆட்டம் போடுவதாக மதிப்பெண் போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

செயற்கை நிறங்கள்: கவனக் குறைவு, துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது இதுதான் என்பது என் எண்ணம். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வுக்குப் பிறகு, ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் கட்டாயமாக்கியது. பலன் எல்லாப் பிள்ளைக்கும் தெரியாது, தெரிந்தாலும் சிறியதுதான். ஆனால் நிறத்தை நிறுத்துவதால் எந்தச் சத்தும் குறையாது, செலவும் கிடையாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருளுக்கான எண்) 102, 110, 122, 124 இருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் இங்கே அனுமதி உள்ளவை. பெயராகப் போட்டிருந்தால் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், போன்சோ 4ஆர். லேபிளே இல்லாத பேக்கரி கேக், கோயில் வாசல் பஞ்சு மிட்டாய், தள்ளுவண்டிச் சிக்கன் இவற்றில் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரோடமின் பி என்ற துணிச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும். எங்களை ஏமாற்றியது மிட்டாய்கூட இல்லை, காய்ச்சல் சிரப். பாட்டிலில் "நிறம்" என்ற வரியைப் படியுங்கள், நிறமில்லாத சிரப் கேளுங்கள்.

மீன் எண்ணெய்: கவனக் குறைவுக்குச் சின்னப் பலன் உண்டு என்கிறார்கள், மூன்று மாதமாவது ஆகும். அசைவ வீடு என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் போதும். கேப்சூலைவிட மலிவு.

5. ஒரே ஒரு மாற்றம், நாட்காட்டியில் தேதி போட்டு

இரண்டு வாரம் ஒன்றும் மாற்றாமல் குறிப்பு. பிறகு ஒரே ஒரு பொருளை நிறுத்துங்கள்: நிறத்துக்கு மூன்று வாரம், பாலுக்கு அல்லது கோதுமைக்கு ஆறு வாரம். பிறகு திரும்பக் கொடுத்து இரண்டு வாரம். திரும்பக் கொடுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

பள்ளி திறக்கும் மாதம், தீபாவளி, பொங்கல், புதிய தெரபி, புதிய மாத்திரை, வீடு மாற்றம் இருக்கும் வாரங்களில் தொடங்காதீர்கள். எங்களுக்கு ஆகஸ்டும் பிப்ரவரியும்தான் ஒத்துவந்தன.

தினமும் மூன்றே விஷயத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண்: எத்தனை நேரம் உட்கார்ந்தான், எத்தனை தடவை வெடித்தான், தூக்கம். பள்ளி டீச்சருக்கும் அதே தாள் கொடுத்தேன். எதை எப்போது நிறுத்துகிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. பால் நிறுத்திய ஆறு வாரம் முடிந்ததும் இரண்டு தாளையும் டைனிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் தாளில் வாராவாரம் முன்னேற்றம். டீச்சர் தாளில் முதல் வாரமும் ஆறாவது வாரமும் ஒரே மாதிரி. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் பால் பாக்கெட் வாங்கி வந்தார். நிறங்களை நிறுத்தியபோது மட்டும் இரண்டு தாளும் கொஞ்சம் ஒத்துப்போயின. ஒரு பிள்ளை, மூன்று வாரம். இதை வைத்து உங்கள் பிள்ளைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எடை ஒரு கிலோ குறைந்தாலோ, பட்டியலில் மிச்சமிருக்கும் பொருளையும் பிள்ளை ஒதுக்க ஆரம்பித்தாலோ, தேதி பார்க்காமல் அன்றே சோதனையை முடித்துவிடுங்கள்.

பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்குக் கணக்குப் போடுங்கள். நாலு முதல் ஆறு வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் வேண்டும். நூறு மில்லி பாலில் 120 போல இருக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 350 போல இருந்தாலும் அத்தனை கேழ்வரகை ஐந்து வயதுப் பிள்ளை சாப்பிடாது, சாப்பிட்டாலும் அவ்வளவும் உடம்பில் சேராது. அதனால் மாற்று சிரப் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கோதுமையை நிறுத்துவது நமக்குச் சுலபம். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ஆப்பம் எதிலும் கோதுமை இல்லை. கிலோ நானூறு ரூபாய்க்கு விற்கும் "குளூட்டன் இல்லாத மாவு" (குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம்) தேவையே இல்லை. ஆனால் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு: ரவை, சேமியா, மால்ட் பானங்கள், கடையில் வாங்கும் சத்துமாவு, அப்புறம் பெருங்காயம். ஆமாம், கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பார்கள், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நான்கு வாரம் சுத்தமாக நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தினமும் ரசத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

6. பாட்டியும் பள்ளியும்

அத்தை மறைத்து பிஸ்கட் கொடுப்பார். சண்டை போட்டுப் பார்த்தேன், பிஸ்கட் இன்னும் ஆழமாக மறைந்தது, அவ்வளவுதான். பிறகு பாட்டிக்கென்று ஒரு டப்பா வைத்து, அதில் கொடுக்கக்கூடியவற்றை மட்டும் போட்டு, "நீங்கதான் கொடுக்கணும் அத்தை, என் கையால வாங்க மாட்டேங்கிறான்" என்றேன். அதோடு தீர்ந்தது.

பள்ளிக்கு மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம் போதும். பிறந்த நாள் மிட்டாய்க்குப் பதிலாக எடுத்துக் கொடுக்க டீச்சரிடம் ஒரு டப்பா கொடுத்து வையுங்கள். அரசுப் பள்ளி என்றால், காலை உணவுத் திட்டத்தில் ரவையோ சேமியாவோ வரும் நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்று வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

7. புதிய உணவு சேர்ப்பது

நிறுத்துவதைவிட இதுதான் உண்மையான வேலை, மாதக்கணக்கில் இழுக்கும். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: பிள்ளை நம்பிச் சாப்பிடும் பொருளுக்குள் எதையும் ஒளிக்காதீர்கள். இட்லி மாவில் அரைக் கரண்டி கேரட் விழுது கலந்தேன். நிறம்கூட மாறவில்லை. ஒரு விள்ளல் வாயில் வைத்தான், நாக்கில் எடுத்துப் பார்த்தான், தட்டைத் தள்ளினான். பிறகு பதினொரு நாள் எந்த இட்லியையும் தொடவில்லை.

பலித்தது, ஏற்கெனவே பிடித்த பொருளிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போவது. வட்ட இட்லியிலிருந்து சின்ன இட்லி, பிறகு ஓரத்தில் நெய், பிறகு நெய்யில் ஒரு துளி பொடி. புதியதைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடுவார்கள். பட்டியல் பத்துக்கும் கீழே போனால் உணவுப் பழக்கத்தில் பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

8. கவனத்துக்கான மாத்திரை சாப்பிடும் பிள்ளை

மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தால் மதியம் பசிக்காது, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அதற்காகத் திட்டாதீர்கள். மாத்திரைக்கு முன்னாலேயே நல்ல காலைச் சாப்பாடு, மருந்தின் வேகம் இறங்கும் மாலையில் இன்னொரு முழுச் சாப்பாடு, படுக்கப் போகும் முன் ஒன்று. மாதம் ஒரு முறை எடை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம். இந்தச் சமயத்தில் எந்த உணவு நிறுத்தத்தையும் சேர்த்துத் தொடங்காதீர்கள்.

9. காகிதங்கள்

ஆட்டிசம் என்றால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, போட்டோ, மதிப்பீட்டு ரிப்போர்ட் வேண்டும். சான்றிதழ் அரசு மருத்துவமனையில்தான் தருவார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, புறநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடங்கும். சேர்வதற்குச் சில நூறு ரூபாய்தான், மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். கவனக் குறைவு மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

பில்லில் பிள்ளையின் பெயர், அட்டையில் இருக்கும் அதே எழுத்தில் வரட்டும், இனிஷியல் உட்பட. மருந்துச் சீட்டின் நகலும் பில்லும் சேர்ந்தே இருக்கட்டும். லேபிலும் மருந்துக் கடையிலும் தரும் வழவழப்புக் காகித பில் நாலு மாதத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.